தெரியாமலா செய்தார்கள்? முதல் அணுத் திட்டத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் உயிரியல் ஆய்வும்

கேள்வி இது: "1940களில் அமெரிக்கா அணுகுண்டு செய்தபோது, கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அத்தனை பேர் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள்? குண்டு செய்கிற திட்டத்துக்குள் உயிரியல் ஆய்வுக்கு என்ன வேலை?"

மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்கு இது நெருக்கமான கேள்வி. அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வேறு எந்தத் தொழிலும் தொடங்குவதற்கு முன்பே தன் ஆபத்தைப் பற்றி இவ்வளவு யோசித்ததில்லை. ஆனால் தெரிந்தது யாருக்குச் சொல்லப்பட்டது, யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்று பார்த்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

கதை அணுகுண்டுக்கு முன்பே, கடிகாரங்களில் தொடங்குகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இருட்டிலும் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். நியூ ஜெர்சி, கனெக்டிகட், இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. வேதியியல் ரீதியாக ரேடியம் கால்சியத்தின் சாதி. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் வைத்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து வருடக்கணக்கில் ஆல்பா துகள்களை வீசிக்கொண்டிருக்கும். பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அழுகியது, ரத்தம் வற்றியது, எலும்புப் புற்றுநோய் வந்தது. 1925இல் நோய்க்கூறியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் இதற்கு ரேடியம்தான் காரணம் என்று நிறுவினார். நியூ ஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது.

எம்.ஐ.டி.யில் இருந்த ராப்லி எவன்ஸ் என்ற இயற்பியலாளர், உடம்பில் ரேடியம் தங்கியிருந்தவர்களைத் தேடித் தேடி அளந்தார். 1941இல் அவரிடம் இருந்தது 27 பேரின் அளவீடு. உடம்பில் 0.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தவர்களிடம் பாதிப்பு தென்படவில்லை. போருக்காக மறுபடியும் ஒளிரும் முகப்புகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. அதனால் வரம்பு ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. வரம்பை முடிவு செய்யும் குழுவின் உறுப்பினர்களிடம் எவன்ஸ் கேட்டாராம்: நம் மனைவியோ மகளோ இந்த வேலையைச் செய்தால், எந்த அளவு வரை நம் மனம் நிம்மதியாக இருக்கும்? ஐந்தில் ஒன்றாகக் குறைத்து 0.1 மைக்ரோகிராம் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெண்களின் எலும்பிலிருந்து வந்த இந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த வருடங்களில், அணுஉலையில் உருவாகும் குண்டுப் பொருளான புளூட்டோனியத்துக்கும் வரம்பு கணக்கிட்டார்கள்.

வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர், காமா கதிருக்கு வேறொரு வரம்பு இருந்தது. 1934இல் அமெரிக்காவின் ஆலோசனைக் குழு, நாளொன்றுக்கு 0.1 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்க அன்று பயன்பட்ட அலகு) வரை மனித உடம்பு தாங்கும் என்றது. பெயரே 'தாங்கும் அளவு'. தோல் சிவக்கிற அளவு என்ன என்று பார்த்து, அதில் சிறு பங்கை எடுத்து வைத்த எண் அது. மரபணுவையோ, இருபது வருடம் கழித்து வரும் புற்றுநோயையோ அந்தக் கணக்கு பார்க்கவில்லை. எக்ஸ் கதிர் பழ ஈக்களில் சடுதி மாற்றங்களை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றங்களை, உண்டாக்குகிறது என்று ஹெர்மன் முல்லர் 1927லேயே காட்டியிருந்தார். அந்தச் செய்தி மருத்துவர்களின் வரம்புக்குள் வந்து சேர இன்னும் காலம் பிடித்தது.

சரி, இப்போது சிகாகோ. 1942இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 'உலோகவியல் ஆய்வுக்கூடம்' என்ற மறைபெயரில் அணுஉலைப் பணி நடந்தது. அதன் தலைவர் ஆர்தர் காம்ப்டன். அங்கே வேலை செய்த விஞ்ஞானிகளுக்கே உள்ளுக்குள் பயம் இருந்தது. அதுவரை உலகத்தில் இருந்த சுத்திகரித்த ரேடியம் மொத்தமும் சில கிலோகூட இருக்காது. இவர்கள் கட்டப்போகும் உலையில் டன் கணக்கில் ரேடியம் இருப்பதற்குச் சமமான கதிரியக்கம் உண்டாகும். அந்த ஆகஸ்டில் ராபர்ட் ஸ்டோன் என்ற கதிரியல் மருத்துவரைக் கலிபோர்னியாவிலிருந்து அழைத்துவந்து நலப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார் காம்ப்டன். டிசம்பர் 2ஆம் தேதி முதல் அணுஉலை இயங்கியது. நலப்பிரிவு உலைக்கு நான்கு மாதம் மூத்தது!

ஸ்டோன் பெர்க்லியில் புற்றுநோயாளிகளுக்கு நியூட்ரான் சிகிச்சை கொடுத்தவர். நியூட்ரான் பட்ட திசு என்னவாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர். நாளுக்கு 0.1 ராண்ட்ஜன் என்ற வரம்பு எவ்வளவு மெலிந்த ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் பிரிவை மூன்றாகப் பிரித்தார்: தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் மருத்துவம், கதிர்வீச்சை அளக்கும் இயற்பியல், விலங்குகளில் சோதிக்கும் உயிரியல். அளவீட்டுக்கு வந்தவர்களில் எர்னஸ்ட் வோலன், கார்ல் மார்கன் இருவரும் அண்டக் கதிர் ஆய்வாளர்கள். ஹெர்பர்ட் பார்க்கர் இங்கிலாந்தில் ரேடியம் சிகிச்சை அளவீட்டில் தேர்ந்தவர். இவர்கள் செய்த வேலைக்கு 'ஹெல்த் பிசிக்ஸ்' என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் அந்தத் துறைக்கு அதே பெயர்தான். சட்டையில் குத்திக்கொள்ளும் ஃபிலிம் பேட்ஜ், பேனா போலப் பையில் செருகிக்கொள்ளும் அயனிக்கலக் கருவி, தரையையும் கையையும் தடவிப் பார்க்கும் அளவி ஆகியவற்றை அன்றாடப் பழக்கமாக்கியது இந்தக் கூட்டம். கதிர்வீச்சுக்குக் கண்ணில் தெரியும் நிறமில்லை, மணமில்லை. ஒரு சின்ன ஃபிலிம் துண்டு கறுப்பதை வைத்து ஒருவர் எவ்வளவு வாங்கினார் என்று ஆயிரக்கணக்கான பேருக்கு வாராவாரம் கணக்கு வைப்பது அன்றைக்கு முற்றிலும் புதிய காரியம். இந்த மனிதர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அப்புறம் புளூட்டோனியம் வந்தது. அங்கேதான் கதை இருண்டுபோகிறது.

1944 ஜனவரி 5ஆம் தேதி, புளூட்டோனியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான க்ளென் சீபோர்க் ஸ்டோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பொருள் உடம்புக்குள் போனால் எங்கே தங்கும், எப்படி வெளியேறும் என்பதை உடனே ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். ரேடியம் முகப்புப் பெண்களின் கதை அவர் மனத்தில் இருந்தது. அடுத்த மாதமே பெர்க்லியில் இருந்த ஜோசப் ஹாமில்டனுக்கு 11 மில்லிகிராம் புளூட்டோனியம் கொடுத்தார்கள். உலகத்தில் இருந்த மொத்தமே மிகக் கொஞ்சம் என்ற நேரத்தில், குண்டுக்காரர்கள் அதில் ஒரு பங்கை எலிகளுக்கு ஒதுக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எலிகளில் தெரிந்தது: புளூட்டோனியமும் எலும்பைத் தேடிப் போகிறது. ரேடியம் எலும்பின் கனிமப் பகுதிக்குள் பரவுகிறது. புளூட்டோனியமோ எலும்பின் மேற்பரப்பில், உயிருள்ள செல்களை ஒட்டியே படிகிறது. ஒரு தடவை உள்ளே போனால் லேசில் வெளியே வராது.

தொழிலாளர்களைக் காக்க ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. ஒருவர் உடம்புக்குள் எவ்வளவு புளூட்டோனியம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், உடம்புக்கு வெளியே கருவியை வைத்தால் ஒன்றும் தெரியாது. ஒரே வழி சிறுநீர். ஒரு நாள் சிறுநீரில் இத்தனை வந்தால் உள்ளே இத்தனை இருக்கிறது என்று விகிதம் தெரிந்தால் போதும். ஆனால் எலி, நாய், முயல் என்று ஒவ்வொன்றிலும் விகிதம் வேறாக வந்தது. குண்டை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் 1944 ஆகஸ்டில் ஒரு இளம் வேதியியலாளரின் முகத்தருகே 10 மில்லிகிராம் புளூட்டோனியம் இருந்த கண்ணாடிக் குப்பி வெடித்து, கொஞ்சம் வாய்க்குள் போய்விட்டது. மருத்துவர் லூயிஸ் ஹெம்பல்மன் வாயைக் கழுவினார், வயிற்றைக் கழுவினார். உள்ளே எவ்வளவு தங்கியது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவசரம் கூடியது.

விகிதத்தை மனித உடம்பில் நேரடியாகக் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

1945 ஏப்ரல் 10ஆம் தேதி டென்னசி மாநிலம் ஓக் ரிட்ஜ் மருத்துவமனையில் எப் கேட் என்ற கறுப்பினத் தொழிலாளிக்கு 4.7 மைக்ரோகிராம் புளூட்டோனியம் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சிமென்ட் வேலை செய்தவர். கார் விபத்தில் எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். எலும்பு முறிவு தவிர மற்றபடி ஆரோக்கியமான மனிதர். அடுத்த மாதம் சான்பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ் என்ற வீட்டுப் பெயின்டர். வயிற்றுப் புற்றுநோய், சீக்கிரம் இறந்துவிடுவார் என்று நினைத்து ஊசி போட்டார்கள். நான்கு நாள் கழித்து அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைப் பார்த்தால், அது புற்றுநோயே இல்லை, வயிற்றுப்புண். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அவர் சிறுநீரையும் மலத்தையும் சேகரித்தார்கள். தன் வியாதி குணமானதில் மருத்துவர்களுக்கு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டு அவர் கொடுத்து வந்தார். 1966 வரை வாழ்ந்தார். அத்தனை வருடங்களில் அவர் உடம்பு வாங்கியது சுமார் 64 சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் இன்றைய அலகு) என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். இன்று ஒரு கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு வருடத்துக்கு அனுமதிக்கும் சராசரி 20 மில்லிசீவர்ட். அதைப்போல 3,200 மடங்கு.

1945 முதல் 1947 வரை இப்படி ஊசி போடப்பட்டவர்கள் 18 பேர். ஓக் ரிட்ஜில் ஒருவர், ராச்செஸ்டரில் 11 பேர், சிகாகோவில் மூவர், சான்பிரான்சிஸ்கோவில் மூவர். புளூட்டோனியம் என்ற சொல்லே அப்போது ரகசியம், 'ப்ராடக்ட்' என்றுதான் குறிப்பிடுவார்கள். சொல்லே ரகசியம் என்றால் நோயாளியிடம் எதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது? போர் முடிந்தபிறகும் ஊசிகள் தொடர்ந்தன என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். போர் நெருக்கடி என்று சொல்லி 1945 ஏப்ரலைப் புரிந்துகொள்ள யாராவது முயலலாம். 1947 ஜூலையில் எல்மர் ஆலன் என்ற ரயில்வே போர்ட்டரின் காலில் ஊசி போட்டு, மூன்று நாளில் அந்தக் காலை வெட்டி எடுத்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. அதே 1947 ஏப்ரலில் அணுசக்தி ஆணையத்துக்குள் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு குறிப்பு, மனிதர்கள்மேல் செய்த சோதனைகளைப் பற்றிய ஆவணங்கள் வெளியே போகக் கூடாது என்றது. நாட்டுப் பாதுகாப்பு அதற்குச் சொன்ன காரணம் இல்லை. பொதுமக்கள் கருத்து கெடும், வழக்குகள் வரும் என்பதே காரணம். செய்தது தவறு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதில் சங்கடமான இன்னொரு உண்மையும் உண்டு. அந்த 18 பேரின் சிறுநீர்க் கணக்கிலிருந்து லாஸ் அலமாஸின் ரைட் லாங்கம் ஒரு சமன்பாடு வகுத்தார். பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுவதும் புளூட்டோனியத் தொழிலாளர்களின் உடல்சுமையை அதை வைத்தே மதிப்பிட்டார்கள். நிறைய பேரைக் காப்பாற்றிய சமன்பாடு அது. விலங்குச் சோதனைகளின் முடிவைப் பார்த்து 1945லேயே புளூட்டோனிய வரம்பை 5 மைக்ரோகிராமிலிருந்து 1 மைக்ரோகிராமுக்குக் குறைத்தார்கள், பிறகு இன்னும் கீழே கொண்டுபோனார்கள். லாஸ் அலமாஸில் போர்க்காலத்தில் புளூட்டோனியம் உள்ளே போன 26 பேரை ஐம்பது வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். அந்த வயதினரில் 16 பேர் இறந்திருக்க வேண்டிய காலத்தில் இவர்களில் இறந்தது ஏழு பேர். ஒருவருக்கு எலும்புப் புற்றுநோய் வந்தது. தங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று அந்த 26 பேருக்கும் தெரியும். எப் கேடுக்கும் ஸ்டீவன்ஸுக்கும் தெரியாது. இரண்டு கூட்டத்தையும் கவனித்துக்கொண்டது ஒரே மருத்துவ அமைப்பு.

அப்போது நடந்த இரண்டு மரணங்களையும் பலர் கேட்பார்கள். 1945 ஆகஸ்டில் விபத்தில் சிக்கி அடுத்த மாதம் இறந்த ஹாரி டாக்லியன், 1946 மேயில் லூயி ஸ்லாட்டின். லாஸ் அலமாஸில், தொடர்வினை எப்போது தொடங்கும் என்று பார்க்கும் சோதனைகளின்போது, ஒரே புளூட்டோனிய உருண்டையால் இறந்தவர்கள். ஸ்லாட்டின் இரண்டு பெரிலியம் அரைக்கோளங்களுக்கு நடுவே ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி இடைவெளியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். அது நழுவியது. ஒன்பதாம் நாள் இறந்தார். டாக்லியன் சாகக் கிடந்தபோது படுக்கை அருகே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் இதே ஸ்லாட்டின்தான். ஆபத்து அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இருவரின் சாவுக்குப் பிறகுதான் கையால் செய்யும் அந்தச் சோதனைகளை நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து இயக்கும் கருவிகளுக்கு மாறினார்கள்.

இப்போது உயிரியல். நலப்பிரிவின் உயிரியல் வேலை ஆய்வுக்கூட எலிகளோடு முடியவில்லை, ஆற்றுக்கும் போனது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் தயாரிக்கும் உலைகள் கொலம்பியா ஆற்று நீரை உள்ளிழுத்துக் குளிர்ந்து, மறுபடி ஆற்றிலேயே விட்டன. அந்த ஆறு சால்மன் மீன்களின் வழி. பல கோடி டாலர் மீன்தொழில் அதை நம்பி இருந்தது. 1943இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மீனியல் பேராசிரியர் லாரன் டொனால்ட்சனிடம், மீன்களின்மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி விளைவைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். எதற்காக என்று சொல்லவில்லை. 1945இல் அவர் மாணவர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் ஹான்ஃபோர்டிலேயே மீன் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கி, உலைக் கழிவுநீரிலேயே மீன் வளர்த்துப் பார்த்தார்.

எதிர்பாராத ஒன்று கிடைத்தது. தண்ணீரில் கதிரியக்கம் குறைவாக இருந்தபோதும் மீன் உடம்பில் அது ஆயிரக்கணக்கான மடங்கு செறிந்திருந்தது. முக்கியமாகப் பாஸ்பரஸ்-32. நீரில் இருக்கும் பாஸ்பரஸைப் பாசி இழுக்கும், பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகும் என்று பொறியாளர்கள் போட்ட கணக்கை உயிர்ச்சங்கிலி தலைகீழாக்கியது. பூச்சிமருந்துகள் பறவைகளின் உடம்பில் சேர்வதைப் பற்றிப் பிற்காலத்தில் உலகம் பேசியதற்கு வெகு முன்பே, இந்த உண்மை ஹான்ஃபோர்டின் ரகசிய அறிக்கைகளில் கிடந்தது.

1946இல் பிகினி தீவில் நடந்த குண்டுச் சோதனைக்குப் பிறகும் ஒரு மீன்தான் பேசியது. கடலுக்கடியில் வெடித்த குண்டால் நஞ்சான போர்க்கப்பல்களை மாலுமிகளை விட்டுச் சுரண்டிக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தது கடற்படை. மருத்துவப் பிரிவின் தலைவர் ஸ்டாஃபர்ட் வாரன் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார், அதிகாரிகள் கேட்கவில்லை. கடைசியில் அந்தக் காயலில் பிடித்த ஒரு மீனை ஃபிலிம் தகட்டின்மேல் வைத்தார். எக்ஸ்ரே கருவியே இல்லாமல், தன் உடம்பிலிருந்த கதிரியக்கத்தாலேயே அந்த மீன் தன்னைப் படம் எடுத்துக்கொண்டது. வாரன் படத்தைக் கொண்டுபோய் அட்மிரலிடம் காட்டினார். கழுவும் வேலை அன்றோடு நின்றது. ஒரு பாதுகாப்பு அதிகாரியாக இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அட்டவணைகள் செய்யாததை ஒரு படம் செய்தது.

ஆனால் ஹான்ஃபோர்டில் மக்களுக்கு எந்தப் படமும் காட்டப்படவில்லை. புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க உலை எரிபொருளைக் கரைக்கும்போது அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் புகைபோக்கி வழியே வெளியேறிப் புல்லில் படிந்து, பசு, பால், குழந்தைகளின் தைராய்டு என்று போகும். இது ஹெர்பர்ட் பார்க்கரின் ஆட்களுக்குத் தெரியும். கால்நடைத் துறை ஆட்கள் மாதிரி காட்டிக்கொண்டு அக்கம்பக்கப் பண்ணைகளுக்குப் போய் ஆடுகளின் கழுத்தில் கருவியை வைத்து அளந்தார்கள். பண்ணைக்காரரிடம் உண்மை சொல்லப்படவில்லை. 1949 டிசம்பர் ஆரம்பத்தில் இன்னும் மோசமான ஒன்று நடந்தது. சோவியத் ஆலைகளை வானிலிருந்து மோப்பம் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, வழக்கமாக மூன்று மாதம் ஆறவிடும் எரிபொருளை 16 நாளிலேயே எடுத்துக் கரைத்து, வடிகட்டாமல் வெளியே விட்டார்கள். சுமார் 8,000 கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 காற்றில் போனது. மழையும் பனியும் சேர்ந்து அது எதிர்பாராத இடங்களில் படிந்தது. அந்தப் பகுதி மக்களுக்கு இது தெரிந்தது 1986இல், ஆவணங்கள் வெளியானபோது.

யுரேனியச் சுரங்கங்களிலும் இதே கதை. ஐரோப்பாவில் ஷ்னீபெர்க், யோவாகிம்ஸ்தால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது அணுகுண்டுக்கு முன்பே மருத்துவ நூல்களில் இருந்த விஷயம். காரணம் ரேடான் வாயு. தீர்வு சாதாரணமானது, சுரங்கத்துக்குள் நல்ல காற்றோட்டம். 1950 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தென்மேற்கு மாநிலச் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. அவர்களில் நவஹோ பழங்குடியினர் நிறைய. சுரங்க முதலாளிகள் உள்ளே விட வேண்டும் என்பதற்காக, தொழிலாளர்களிடம் ஆபத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டு ஆய்வு செய்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1990இல். அதற்குள் எத்தனையோ வீடுகளில் அப்பா இல்லை.

கொஞ்சம் வெளிச்சமான பக்கத்துக்கு வருகிறேன். போர் முடிந்ததும் ஓக் ரிட்ஜில் அலெக்சாண்டர் ஹோலண்டர் ஒரு பெரிய உயிரியல் பிரிவை உருவாக்கினார். 1947இல் அங்கே வந்து சேர்ந்தார்கள் வில்லியம் ரஸ்ஸல், லியான் ரஸ்ஸல் தம்பதி. லியான் வியன்னாவில் பிறந்து, பதின்ம வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதப் பெண். முல்லர் ஈக்களில் பார்த்தது பாலூட்டிகளுக்கும் பொருந்துமா என்பது அவர்கள் கேள்வி. இதற்காக அவர்கள் வகுத்த சோதனை அழகானது. ஏழு ஒடுங்கு பண்புகளை (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் பண்புகள்) தேர்ந்தெடுத்தார்கள்: ரோம நிறங்கள், புள்ளி, வெளிறிய கண், குட்டைக் காது போன்றவை. இந்த ஏழும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சுண்டெலி வகையை வளர்த்தார்கள். சாதாரண ஆண் எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, இந்த வகைப் பெண் எலியோடு சேர்ப்பார்கள். அப்பாவின் அந்த ஏழு மரபணுக்களில் ஒன்றில் சடுதி மாற்றம் நடந்திருந்தால், குட்டியின் நிறத்திலோ காதிலோ அது அப்படியே தெரிந்துவிடும். பல தலைமுறை காத்திருக்க வேண்டாம். கூண்டைத் திறந்து பார்த்தால் போதும். ஆனால் சடுதி மாற்றம் அபூர்வம் என்பதால் லட்சக்கணக்கான குட்டிகளைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

1951இல் வந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: ஒரே அளவு கதிர்வீச்சுக்கு எலியின் மரபணுக்கள் ஈயின் மரபணுக்களைவிடச் சுமார் 15 மடங்கு அதிகமாக மாறுகின்றன. 1958இல் இன்னொரு முடிவு, இது எதிர்த் திசையில். அதே அளவை ஒரேயடியாகக் கொடுக்காமல் மெதுவாக, நீண்ட காலத்துக்குக் கொடுத்தால் சடுதி மாற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன. அதாவது செல்லுக்குப் பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கிறது. அதுவரை மரபணுச் சேதம் மொத்த அளவை மட்டுமே பொறுத்தது என்றுதான் நம்பினார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் இன்றும் நடக்கிற வாதங்களில் பாதி இந்த இரண்டு முடிவுகளைச் சுற்றித்தான் ஓடுகிறது.

வரம்புகள் எப்படி இறங்கின என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1934இன் நாளுக்கு 0.1 ராண்ட்ஜனை வருடக் கணக்காக்கினால், இன்றைய அலகில் ஏறக்குறைய 300 மில்லிசீவர்ட். போருக்குப் பின் வாரத்துக்கு 0.3 ரெம், வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் ஆனது. 1950களின் கடைசியில் 50. 1990இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது ஐந்து வருடச் சராசரியாக 20. எண்ணோடு சொல்லும் மாறியது. 'தாங்கும் அளவு' போய், 'அனுமதிக்கும் உச்ச அளவு' வந்தது. அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கொஞ்சம் ஆபத்து இருக்கலாம், எவ்வளவு வரை ஏற்பது என்பது நாம் எடுக்கும் முடிவு என்று முதல்முறையாக ஒப்புக்கொண்ட சொல் அது. இதற்கு வழி வகுத்தவர்கள் மரபியலாளர்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு இடம் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்தின் சவறா வரை கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருக்கிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதிக இயற்கைக் கதிர்வீச்சில் வாழும் உலகத்தின் சில இடங்களில் இதுவும் ஒன்று. 1960களில் பிரிட்டிஷ் மரபியலாளர் ஹான்ஸ் க்ரூனபெர்க் அந்தக் கேரளக் கரையில் எலிகளைப் பிடித்து ஆராய்ந்தார். கரையில் வாழும் எலிகளுக்கும் மற்ற எலிகளுக்கும் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. சிறு அளவு, நீண்ட காலம் என்ற கேள்விக்கு எலிக்கூண்டுகளால் முழுப் பதில் தர முடியாது. அந்தக் கரையில் வாழும் மக்களின் ஒத்துழைப்பால் கொஞ்சம் கிடைத்தது.

ஊசி போடப்பட்ட 18 பேரின் கதை பெரும்பாலான அமெரிக்கர்களுக்கு 1993 வரை தெரியாது. அந்த வருடம் அல்புகர்கி ட்ரிப்யூன் பத்திரிகையில் ஐலீன் வெல்சம் அவர்களில் சிலரின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். அதுவரை அவர்கள் ஆவணங்களில் வெறும் குறியீட்டு எண்கள். ஸ்டீவன்ஸ் 'கால்-1', ஆலன் 'கால்-3'. அடுத்த வருடம் அதிபர் கிளின்டன் விசாரணைக் குழு அமைத்தார். 1995 அக்டோபரில் அறிக்கை வந்தபோது அரசு மன்னிப்புக் கேட்டது. எல்மர் ஆலன் 1991லேயே இறந்திருந்தார்.

உயிரியல் ஆய்வு எதற்கு என்று கேட்டீர்கள். லியான் ரஸ்ஸல் செய்த இன்னொரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். கர்ப்பமான எலிகளுக்குக் கர்ப்பத்தின் வெவ்வேறு நாட்களில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார். எந்த நாளில் படுகிறதோ அதைப் பொறுத்து எந்த உறுப்பு கெடுகிறது என்பது மாறியது. மனிதரில் அந்த நுட்பமான நாட்கள், தான் கர்ப்பமாக இருப்பதே ஒரு பெண்ணுக்குத் தெரியாத முதல் வாரங்களில் வருகின்றன. அதனால் 1952இல் கணவரும் அவரும் ஒரு யோசனை சொன்னார்கள்: குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அவசரமில்லாத இடுப்பு எக்ஸ்ரேயை மாதவிலக்கு தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் எடுங்கள். கதிரியல் மருத்துவர்களில் பலர் முதலில் எரிச்சலடைந்தார்கள். பிறகு அந்தப் பழக்கம் உலகம் முழுவதும் பரவியது. விதி காலப்போக்கில் தளர்ந்தாலும் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. நம் ஊர் எக்ஸ்ரே அறை வாசலில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகும் பெண்ணிடம் டெக்னீஷியன், "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்வி ஓக் ரிட்ஜின் எலிக்கூண்டுகளிலிருந்து வந்தது.